தண்டனையை ஏற்றினால் சரக்கு குறையுமா?

"கஞ்சா விற்றால் தூக்கு. சாராயம் காய்ச்சினால் சாகும்வரை ஜெயில். அப்போதுதான் அடங்குவார்கள்." திண்டிவனத்தில் இன்று யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்துப் பேசுகிறவர், பள்ளி ஆசிரியர், ஆளுங்கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுப் பயந்தபடி இருக்கும் தாய் என்று எல்லோருக்கும் ஒரே குரல். சாதி, கட்சி, வயது தாண்டி இவ்வளவு ஒற்றுமை வேறு எந்த விஷயத்திலும் இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. இந்தக் கருத்து தவறு, அதுவும் ஆபத்தான தவறு என்பது என் தரப்பு.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். போதைப்பொருள் விற்பது பசிக்குச் செய்யும் திருட்டு இல்லை. லாபநஷ்டக் கணக்குப் போட்டுச் செய்யும் தொழில். கணக்குப் போடுகிறவனை நஷ்டத்தைக் காட்டித்தான் நிறுத்த முடியும். இன்று பிடிபடுகிறவன் சில வாரங்களில் ஜாமீனில் வந்து அதே தெருமுனையில் நிற்கிறான். அதைப் பார்க்கும் பதினேழு வயதுப் பையனுக்குச் சட்டத்தின் மீதிருந்த பயம் விட்டுப்போகிறது. சிங்கப்பூரில் தூக்கு இருக்கிறது, அங்கே தெருவில் கஞ்சா கிடைப்பதில்லை. விற்கிறவனின் உரிமையைப் பேசுகிறவர்கள், வாங்கிச் சீரழிந்தவனின் வீட்டுக்குள் ஒருநாள் இருந்து பார்த்தால் இப்படிப் பேச மாட்டார்கள்.

இதுதான் வாதம். இதில் கோபம் மட்டுமல்ல, தர்க்கமும் இருக்கிறது. கடைசி வரியில் இருக்கும் வேதனையை நான் அப்படியே ஏற்கிறேன். மறுப்பு அந்த வேதனைக்கு இல்லை, அதற்குச் சொல்லப்படும் மருந்துக்குத்தான்.

1. எதைவிடக் கடுமை வேண்டும் என்கிறீர்கள்?

கேட்கப்படும் தண்டனைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அதாவது எல்லோரும் சொல்லும் என்.டி.பி.எஸ். சட்டப்படி, 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அதோடு ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். 20 கிலோவுக்குக் கீழே, ஒரு கிலோவுக்கு மேலே என்றால் 10 ஆண்டு வரை. ஹெராயின் போன்ற குறிப்பிட்ட சில போதைப்பொருள்களைப் பெரிய அளவில் கடத்தி இரண்டாம் முறை தண்டனை பெற்றால் தூக்கு என்ற பிரிவு 1989இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. முதலில் அது கட்டாயத் தூக்காகவே இருந்தது. 2011இல் மும்பை உயர் நீதிமன்றம் கட்டாயம் என்பதை நீக்கி நீதிபதியின் முடிவுக்கு விட்டது. 2014இல் நாடாளுமன்றமும் அப்படியே திருத்தியது. இத்தனை ஆண்டுகளில் இந்தப் பிரிவில் இந்தியாவில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் 'குண்டாஸ்' இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கள்ளச்சாராயக்காரர்களும் போதைப்பொருள் குற்றவாளிகளும் வருகிறார்கள். விசாரணை இல்லாமலே ஓராண்டு உள்ளே வைக்கலாம். மதுவிலக்குச் சட்டமும் 2024 ஜூன் 29 அன்று சட்டமன்றத்தில் திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் முழுக்கக் கடுங்காவல், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். அரசு வழக்கறிஞரைக் கேட்காமல் ஜாமீன் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அதிகம் பேசப்படாதது. ஹெராயின் போன்றவற்றில் எவ்வளவு வைத்திருந்தாலும் விற்பனைக்கு என்றால் குறைந்தது 10 ஆண்டு என்று 1985 முதல் 2001 வரை இந்தியா நடத்திப் பார்த்தது. ஒரு பொட்டலம் வைத்திருந்தவனும் ஒரு மூட்டை வைத்திருந்தவனும் ஒரே தட்டில் வந்தார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போனது, சிறைகள் சின்ன ஆட்களால் நிரம்பின. அளவுக்கு ஏற்றபடி தண்டனையைப் படிநிலையாக்கி 2001இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. இன்று புதிதாகக் கேட்கப்படும் கடுமை, நாம் பதினாறு ஆண்டு வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட கடுமை.

2. பயம் வேலை செய்யும் என்றால் எக்கியார்குப்பத்துக்குப் பிறகு கருணாபுரம் நடந்திருக்கக் கூடாது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். 2001 கடைசியில் பண்ருட்டிப் பக்கம் விஷச் சாராயம் குடித்து ஐம்பது பேரளவில் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் செத்தார்கள். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் கடலோர ஊர் அது. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கமும் சாவுகள். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலமைச்சர் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு வந்தார். விழுப்புரம் எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, கைதுகள் நடந்தன, குண்டாஸ் பாய்ந்தது. வடமாவட்டம் முழுக்க இதே பேச்சு. சாராயம் விற்கிற எவனும் இதைக் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது.

பதிமூன்றே மாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். 60க்கும் மேற்பட்டோர் பிணமானார்கள். விற்பனை நடந்த இடம் காட்டுக்குள்ளோ மலைமேலோ இல்லை. ஊருக்கு நடுவில், காவல் நிலையமும் நீதிமன்றமும் எட்டிப் பார்க்கும் தூரத்தில்.

'அப்போது ஆயுள் தண்டனைத் திருத்தம் வரவில்லையே, அதற்குப் பிறகுதானே வந்தது' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்டனையை நமக்கு முன்பே உச்சத்துக்கு ஏற்றிய மாநிலங்களைப் பார்த்துவிடுவோம்.

குஜராத்தில் 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் இறந்தனர். அந்த ஆண்டே கள்ளச்சாராயச் சாவுக்குத் தூக்கு வரை போகும் திருத்தத்தை அந்தச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2011இல் ஒப்புதலும் கிடைத்தது. 2022 ஜூலையில் போட்டாட் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீண்டும் இறந்தனர். பீகார் 2016இல் முழு மதுவிலக்குக் கொண்டுவந்து, சாராயச் சாவுக்குத் தூக்கையும் சேர்த்தது. அதே ஆகஸ்டில் கோபால்கஞ்ச் கஜூர்பானியில் 19 பேர் இறந்தார்கள். 2021இல் கீழ் நீதிமன்றம் ஒன்பது பேருக்குத் தூக்கு விதித்தது. நாட்டில் வேறெங்கும் கேள்விப்படாத கடுமை அது. அடுத்த ஆண்டு ஜூலையில் பாட்னா உயர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் விடுதலை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சாரண் மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் விசாரணை சொன்னது.

சட்டத்தில் தூக்கு இருந்தது, தீர்ப்பிலும் தூக்கு வந்தது, சாராயம் மட்டும் நிற்கவில்லை. தண்டனையை ஏற்றச் சொல்கிறவர்கள் முதலில் விளக்க வேண்டியது சாரணை.

3. விற்கிறவன் கணக்குப் போடுகிறான் என்பது உண்மை. எந்தக் கணக்கை?

எதிர்த்தரப்பின் தர்க்கம் முழுவதும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. விற்கிறவன் சட்டப் புத்தகத்தைத் திறந்து எத்தனை ஆண்டு என்று பார்த்துவிட்டுக் கடை விரிப்பதில்லை. அவன் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி: இன்று மாட்டுவேனா? ஸ்டேஷனில் பேசி வைத்திருக்கிறதா? போன மாதம் பக்கத்துத் தெருக்காரனைப் பிடித்தார்களே, அவன் கேஸ் என்ன ஆச்சு? இந்த மூன்றுக்கும் பதில் சாதகமாக இருக்கும்வரை, தண்டனை பத்தாண்டு என்றாலும் முப்பதாண்டு என்றாலும் அவனுக்கு ஒன்றுதான். நூறு முறை விற்றாலும் ஒருமுறைகூட மாட்டமாட்டேன் என்று நம்புகிறவனுக்குத் தண்டனையின் நீளம் தூரத்து ஊர்ச் செய்தி.

மாறாக, ஒவ்வொரு முறையும் மாட்டுவோம், மாட்டினால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்று தெரிந்தால், இரண்டாண்டு தண்டனைக்கே கடையை மூடுவான். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடும் உறுதிதான் என்பது உலகெங்கும் குற்றவியல் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்த முடிவு. ஹெல்மெட் போடாததற்கு அபராதத்தை உயர்த்திய நாட்களில் இல்லாத ஒழுங்கு, சிக்னலில் கேமரா வைத்த தெருவில் வந்துவிடுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. தண்டனை ஏறினால் மாமூலும் ஏறும். ஆறு மாதச் சிறையிலிருந்து தப்பிக்க ஒருவன் எவ்வளவு கொடுப்பான், இருபதாண்டுச் சிறையிலிருந்து தப்பிக்க எவ்வளவு கொடுப்பான் என்று யோசித்துப் பாருங்கள். கண்டும் காணாமல் விடுவதற்கான விலையைச் சட்டமே உயர்த்திக் கொடுக்கிறது. கீழ்மட்டத்தில் நேர்மையாக இருக்கும் ஏட்டையாவின் மீது அழுத்தம் கூடுகிறது. நேர்மையில்லாதவருக்கு வருமானம் கூடுகிறது. கருணாபுரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் காவல்துறைக்குப் புதியவர்கள் இல்லை, முன்பே வழக்குகளைப் பார்த்தவர்கள். மாநிலக் காவல்துறையே விசாரித்தால் போதாது என்றுதான் 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அங்கே குறைவாக இருந்தது தண்டனை என்று அந்த உத்தரவைப் படித்த யாரும் சொல்ல முடியாது.

4. கடுமை கூடக்கூட வழக்கு எளிதில் உடையும்.

இது பலருக்கு வியப்பாக இருக்கும். நீதிமன்றத்துக்கு இது பாலபாடம். தண்டனை எவ்வளவு கடுமையோ, நடைமுறையைப் பின்பற்றுவதிலும் அவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பது என்.டி.பி.எஸ். வழக்குகளில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன விதி. 1999ஆம் ஆண்டின் பல்தேவ் சிங் தீர்ப்பு அதற்கு அடித்தளம். ஒருவர் உடம்பைச் சோதிக்கும் முன், 'மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ அரசிதழ் அதிகாரி முன்னிலையிலோ சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று சொல்ல வேண்டும். கிடைத்த ரகசியத் தகவலை எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பிடித்த சரக்கிலிருந்து மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். சீல் உடையக் கூடாது, ஸ்டேஷனில் சரக்கு இருந்த நாட்களுக்குக் கணக்கு வேண்டும். இதில் ஒன்று தவறினால் 20 கிலோவும் காற்றோடு போகலாம்.

நடப்பது என்ன? ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டு, மறுநாள் காலை ஸ்டேஷன் மேசையில் உட்கார்ந்து மகஜர் எழுதுகிறார்கள். சாட்சிக்குக் கூப்பிடப்படும் கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். நான்கு ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறும்போது குறுக்கு விசாரணையின் மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறுவார். இன்னொரு சாட்சி பிறழ்சாட்சி ஆகியிருப்பார். பேப்பரில் எஸ்.ஐ.யும் ஏட்டும் நின்று படம் எடுத்துக்கொண்ட அந்தப் பொட்டலங்களின் கதை அங்கே முடியும். விடுதலைச் செய்திக்குப் படம் வராது என்பதால் ஊருக்குத் தெரியாது. 'ஜாமீனில் வந்துவிட்டான்' என்று மட்டும் பேசிக்கொள்வார்கள்.

ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பியே வழக்கு நடத்தும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த தூஃபான் சிங் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 2004இல் சென்னையில் ஹெராயின் பிடிபட்ட வழக்கு. போதைப்பொருள் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புலனாய்வு பலவீனமாக இருக்கும் ஊரில் தண்டனையை உயர்த்துவது விடுதலைகளைத்தான் உயர்த்தும். கஜூர்பானியில் தூக்கு பெற்ற ஒன்பது பேருக்கும் நடந்தது இதுதான்.

5. கடுமை யார் தலையில் விழுகிறது?

திண்டிவனம் நீதிமன்ற வளாகத்தில் ஒரு தாயைப் பார்த்தேன். வேப்பமர நிழலில், மடியில் மஞ்சள் பை. பைக்குள் வீட்டுவரி ரசீது, ஜாமீன்தாரருக்கான சான்று, வக்கீல் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. "எம்புள்ள விக்கிறவன் இல்ல சார். ஒருத்தன் பைய குடுத்து இன்னொருத்தன்கிட்ட சேத்துட்டு வாடான்னான். ஐந்நூறு ரூவா குடுத்தான் சார். பையில என்னான்னு இவனுக்குத் தெரியும்தான், நான் பொய் சொல்லல." மகனுக்குப் பத்தொன்பது வயது. பையைக் கொடுத்தவன் பெயரை அவன் போலீசிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பெயர் குற்றப்பத்திரிகையில் இல்லை.

இந்தப் பையன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தாயே சொல்லவில்லை. சரக்கோடு எப்போதும் பிடிபடுகிறவன் பையைத் தூக்குகிறவன்தான் என்கிறேன். ஆந்திர ஒடிசா எல்லை மலைகளிலிருந்து சென்னை வழியாக ரயிலிலும் லாரியிலும் வரும் கஞ்சா விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கிப் பிரிகிறது. புதுச்சேரிக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, காட்பாடி வழித்தடத்தில் ஒன்று. பணம் போட்டவன் எந்த ரயிலிலும் ஏறுவதில்லை. அவன் பெயரில் ஒரு கிராமும் இருக்காது. சட்டமோ எடையைப் பார்த்துத் தண்டிக்கிறது. கையில் எடை இருப்பவனுக்கு இருபதாண்டு. கையில் பணம் இருப்பவனுக்கு அடுத்த பையனைத் தேடும் வேலை. இருபத்தைந்து வயதுக்குக் கீழே வேலையில்லாத பையன்கள் ஒலக்கூரிலும் மயிலத்திலும் குறைவா என்ன?

தீர்ப்புக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய அளவு என்றால் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஜாமீன் கதவை ஏறக்குறைய அடைத்துவிடும். தில்லியில் ஒரு கஞ்சா வழக்கில் இருபத்து மூன்று வயதில் பிடிபட்டவர் விசாரணை முடியாமலே ஏழாண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 2023 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் 37ஆம் பிரிவு தடையாகாது என்றும் சொன்னது. கடலூர் மத்திய சிறைக்குள் ஏழாண்டு இருந்து வருகிற பையன் எதைக் கற்றுக்கொண்டு வருவான் என்று நினைக்கிறீர்கள்?

6. சிங்கப்பூரைக் காட்டுகிறவர்கள் சிங்கப்பூரில் தூக்கில் தொங்கியவர்களையும் பார்க்க வேண்டும்.

2022 ஏப்ரல் 27 அன்று அங்கே தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் மலேசியத் தமிழர். 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டியபோது 2009இல் பிடிபட்டவர். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர்கள் கணித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையாவும் தமிழர். ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தை என்பது குற்றச்சாட்டு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபட்டதே இல்லை, தொலைபேசி எண்கள் வழக்கின் முக்கிய ஆதாரமாக இருந்தன. சரக்கின் சொந்தக்காரர்கள் யாரும் இந்த வரிசையில் இல்லை. கடனில் இருந்தவன், படிப்பில்லாதவன், சொன்னதைச் செய்தவன்தான் இருக்கிறான். நம் ஊரில் வேப்பமரத்தடித் தாய் கதை, அங்கே கயிற்றில் முடிகிறது.

அப்படிச் செய்தாவது அங்கே ஒழிந்ததா? கட்டாயத் தூக்கு 1975 முதல் இருக்கிறது. அரை நூற்றாண்டு ஆகிறது. இன்றும் ஆண்டுக்கு மூவாயிரம் பேருக்கு மேல் போதைப்பொருள் பயன்படுத்தியதற்காக அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்புத் துறை கைது செய்கிறது. அங்கே பயன்பாடு நம்மைவிடக் குறைவு என்பதை மறுக்கவில்லை. அது ஒரே நகரம் ஒரே நாடான தீவு. நுழைவாயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, காவலர் கை நீளாத துறை, நம்மைவிட விரைவில் முடியும் விசாரணை. இவற்றில் ஒன்றையும் கேட்காமல் கயிற்றை மட்டும் இறக்குமதி செய்யச் சொல்வது என்ன நியாயம்? மலேசியாவோ 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கைக் கைவிட்டுவிட்டது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை. 'ஐஸ்' என்ற மெத்தாம்பெட்டமைன் 5 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ என்று 2022 நவம்பரில் அங்கே சட்டம் வந்தது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில், போதைப்பொருள் கட்டுமீறிவிட்டது என்று சொல்லி 'யுக்திய' என்ற பெயரில் நாடு முழுக்க வேட்டை தொடங்கி ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். புதிய சட்டம் பயமுறுத்தியிருந்தால் அந்த வேட்டைக்கு வேலையே இருந்திருக்காது.

7. எடையை வைத்துத் தண்டித்தால் எடை குறைந்த விஷம் வரும்.

கஞ்சா மூட்டை நாற்றமடிக்கும், இடத்தை அடைக்கும், எளிதில் மாட்டும். அதன் மீது தண்டனை ஏற ஏற வியாபாரி சட்டைப் பைக்குள் அடங்கும் சரக்குக்கு மாறுகிறான். நம் மாவட்டங்களில் வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? அப்படி ஏற்றப்படும் டாபென்டடால் மாத்திரை பல ஆண்டுகளாக என்.டி.பி.எஸ். பட்டியலுக்கு வெளியேதான் இருந்தது. மருந்துச் சீட்டில்லாமல் கடையில் விற்றதைத் தடுக்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. கஞ்சாவுக்குத் தூக்கு கேட்டு ஊர்வலம் போகிற நேரத்தில் மாத்திரை அட்டை கைமாறிக்கொண்டிருக்கிறது. நரம்பில் ஏறும் விஷம் புகையைவிடச் சீக்கிரம் கொல்லும்.

8. பயம் விற்கிறவனைவிடக் குடித்தவனைத்தான் முதலில் ஒளிய வைக்கிறது.

விஷச் சாராயத்தில் இருக்கும் மெத்தனாலைக் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணை மங்கவைக்கும். வயிறு பிசையும், மூச்சு வாங்கும். சீக்கிரம் மருத்துவமனைக்கு வந்து, 'நான் சாராயம் குடித்தேன்' என்று உண்மையைச் சொன்னால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும். தாமதித்தால் கண் போகும், பிறகு உயிர் போகும். வாய் திறந்தால் போலீஸ் வரும், யாரிடம் வாங்கினாய் என்று அடிப்பார்கள், கேஸ் நம் மேலேயே திரும்பும் என்ற பயம் ஒரு குடிசையில் இருந்தால், அந்த வீடு எத்தனை மணி நேரம் காத்திருக்கும்? ஆயுள் தண்டனை என்ற சொல் எவ்வளவு பெரிதாகிறதோ, 'வயித்து வலி' என்று சொல்லிச் சேருகிறவர்களும் அவ்வளவு பெருகுவார்கள்.

கஞ்சாவிலும் இதே கதைதான். சிகிச்சைக்குத் தானாக முன்வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு கொடுக்கும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. மீதி முப்பத்தேழு பேர்தான் விற்கிறவனின் நிரந்தர வாடிக்கையாளர்கள். விற்கிறவர்களில் பலர் தங்கள் சொந்தப் பொட்டலத்துக்குக் காசு பார்க்க விற்கிறவர்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு விற்கிறவனை மட்டும் உள்ளே தள்ளினால், அவன் இடம் ஒரு வாரம்கூடக் காலியாக இருக்காது. மாநில அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். தாலுகா தோறும் ஒன்று வேண்டும் என்று கேட்க எந்த ஊர்வலமும் இதுவரை போகவில்லை.

"அப்படியானால் விற்கிறவனை விட்டுவிடச் சொல்கிறாயா?"

இல்லை. பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் பிடியுங்கள். சட்டப்படி பிடியுங்கள், தீர்ப்பு வரும்வரை வழக்கை விடாதீர்கள், பையைக் கொடுத்தவனின் பெயரைக் குற்றப்பத்திரிகையில் எழுதுங்கள். இப்போதிருக்கும் சட்டத்துக்குள்ளேயே இது முடியும். ஒரு வரியும் திருத்த வேண்டியதில்லை. தண்டனையை உயர்த்தும் மசோதாவை ஒரே நாளில் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிடலாம், செலவும் கிடையாது. சட்டப்படி பிடித்து வழக்கை முடிப்பதற்கோ ஆள் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நமக்கு முதல் வேலை தரப்படுகிறது, இரண்டாவது தரப்படுவதில்லை. நாமும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

எக்கியார்குப்பத்தில் குடித்தது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம் இல்லை, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதே காவல்துறைத் தலைமை இயக்குநர் அறிவித்தார். சென்னைப் பக்கத்து ரசாயன ஆலை வரை விசாரணை போனது. முந்தைய ஆண்டு போட்டாட்டில் கொன்றதும் மெத்தனால், அடுத்த ஆண்டு கருணாபுரத்தில் கொன்றதும் மெத்தனால். மெத்தனாலைக் கணக்கில்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாது என்று தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. ஆலைக்குள் எத்தனை பேரல் வந்தது, எத்தனை செலவானது, மீதி எத்தனை என்று ஒரு அதிகாரி மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டியிருந்தால், மரக்காணத்துக் கடற்கரை வரை அந்தப் பேரல் வந்து சேர்ந்திருக்காது. அதற்குத் தூக்குத் தண்டனை தேவைப்பட்டிருக்காது. தன் வேலையைச் செய்யும் ஓர் இன்ஸ்பெக்டர் போதும்.

ஆகவே கடுமை வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே கீழே உள்ள கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாவட்டத்தில் கடந்த ஐந்தாண்டில் பதிவான கஞ்சா, சாராய வழக்குகள் எத்தனை, அவற்றில் தண்டனையில் முடிந்தவை எத்தனை, விடுதலையில் முடிந்தவை எத்தனை, என்ன காரணத்தால்? பையைத் தூக்கியவனைத் தாண்டிச் சரக்கின் சொந்தக்காரன் வரை போன வழக்கு எத்தனை? மெத்தனால் உரிமம் பெற்ற இடங்கள் எவை, கடைசியாக எந்தத் தேதியில் இருப்பைச் சரிபார்த்தார்கள்? போதை மீட்புக்கு மாவட்டத்தில் எத்தனை படுக்கை, எத்தனை மனநல மருத்துவர்? இந்த நான்கு கேள்விகளின் கீழ் கையெழுத்துப் போடச் சொன்னால், முதல் ஆளாக நான் வருகிறேன்.